வாழைக்குட்டியும் சிலிப்பர் ஓர்க்கிட்டும்

போன வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தேத்தண்ணி வைக்க எழும்பியபோது கிழக்கு யன்னலில் டொல்ஸ் கோபொல்ட் என்ற சிலிப்பர் ஓர்க்கிட் விரிந்திருந்தது. முதல்நாள் இரவு படுக்கப் போகும்போது அதன் மேலிதழ் பையின் வாயை மூடிக்கொண்டு குடைபோலக் கவிந்துதான் கிடந்தது. விடிந்தபோது நிமிர்ந்து நின்றது. நாலு சென்றிமீற்றர் அகலத்தில் ரோசா நிறம், அதன்மேல் கருஞ்சிவப்புப் பொட்டுகள், கீழே ரோசா நிறத்திலேயே ஒரு பை, நடுவில் பளிங்குத் துண்டுபோல ஒரு வெள்ளைக் கேடயம். வெளியே ஸ்காபரோவில் இந்த வருடத்தின் முதல் பனி தூறிக்கொண்டிருந்தது. அம்மா தன் தேத்தண்ணியோடு வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஆரோ ஒற்றைச் செருப்பை விட்டிட்டுப் போன மாதிரிக் கிடக்கு பிள்ளை."

அம்மாவுக்கு இந்தப் பூவின் ஆங்கிலப் பெயர் தெரியாது. ஆனால் இதைப் பார்த்த எல்லா ஊர்க்காரருக்கும் செருப்புத்தான் ஞாபகம் வந்திருக்கிறது. பஃபியோபெடிலம் என்ற தாவரவியல் பெயரின் பின்பாதி கிரேக்கத்தில் செருப்பைக் குறிக்கும். முன்பாதி, சைப்பிரஸில் அப்ரோடைற் தெய்வத்துக்குக் கோயில் இருந்த பஃபோஸ் என்ற ஊர். ஜேர்மன் தாவரவியலாளர் ஏர்ன்ஸ்ட் பிஃபிற்சர் 1886இல் இட்ட பெயர் அது. வளர்க்கிறவர்கள் சுருக்கமாக 'பஃப்' என்றுதான் சொல்வோம். இந்தப் பதிவு முழுக்க நானும் அப்படியே சொல்லப் போகிறேன்.

தொடர்மாடி வீட்டில் ஒரே ஒரு யன்னலை வைத்துக்கொண்டு இதை எப்படிப் பூக்கவைக்கிறாய் என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இன்றைக்கு முழுதாக எழுதிவைக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஏன் சிறிய கலப்பினங்கள்? என் யன்னல் விளிம்பு ஐந்து அங்குலந்தான் அகலம். பஃப் குடும்பத்தின் ராசா என்று சொல்லப்படும் ரொத்சைல்டியானம் போர்னியோவின் கினபாலு மலைக்காரன். அதன் ஒரு இலையே 60 சென்றிமீற்றர்வரை நீளும். விதையிலிருந்து பூக்கப் பத்து வருடம் காத்திருக்கவும் நேரலாம். அது கண்ணாடிவீடு வைத்திருப்பவர்களுக்கான செடி. சிறிய கலப்பினங்களோ எட்டு சென்றிமீற்றர் சாடியில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிடும். இலைவிரிவு ஒரு சாண். பூமட்டும் செடியின் அளவுக்கு மீறிப் பெரிதாக, ஆறு ஏழு கிழமைக்கு மேல் நிற்கும். ஒரு யன்னலில் எட்டுச் சாடி, இன்னொரு தட்டில் லைற்றுக்குக் கீழே மூன்று, ஆகமொத்தம் பதினொன்று என்னிடம் இருக்கின்றன.

என் முதல் பஃப் 2016இல் வந்தது. ஒரு பெரிய கடையில் பூவோடு நின்றது, பெயர்ச்சீட்டு இல்லை, ஆசையில் வாங்கினேன். ஒன்பது கிழமை பூத்தது. பூ விழுந்த பிறகு அடுத்த பூ அதே இடத்தில் வரும் என்று ஒரு வருடம் காத்திருந்தேன். தண்ணீர் விட்டேன், பசளை போட்டேன், பலகணிக்கும் யன்னலுக்குமாகத் தூக்கித் திரிந்தேன். இலைகள் தொய்யத் தொடங்கியபோது தண்ணீர் போதாது என்று நினைத்து இன்னும் விட்டேன். கடைசியில் சாடியைக் கவிழ்த்தபோது உள்ளே பாசியை இறுக்கி அடைத்த ஒரு உருண்டை, கறுத்து, புளித்த கஞ்சித்தண்ணி மணத்தோடு வந்தது. ஒரு வேர்கூட உயிரோடு இல்லை. இலை தொய்ந்ததற்குக் காரணம் வறட்சிதான், ஆனால் அது தண்ணீர் குறைந்ததால் வந்ததல்ல, உறிஞ்ச வேர் இல்லாததால் வந்தது. இரண்டுக்கும் வெளியில் ஒரே அறிகுறிதான். இலை தொய்ந்தால் தண்ணீர்ப் போத்தலைத் தேடாமல் முதலில் வேரைப் பாருங்கள். நான் சொல்லும் எல்லாவற்றிலும் இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அந்தச் செடி செத்ததற்கு இன்னொரு காரணம், அது எப்படி வளரும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. அதை விளங்கவைத்தது அம்மா. நான் புத்தகத்தில் படித்ததை அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்: ஒரு இலைக்கொத்து ஒருமுறைதான் பூக்கும், பூத்தபின் அடியிலிருந்து பக்கக் குருத்து வரும், அந்தக் குருத்து வளர்ந்து பூக்கும், பழையது மெல்லக் காய்ந்துபோகும். அம்மா அரைக் கதையிலேயே கையைக் காட்டினார்.

"இதுக்கே இவ்வளவு புத்தகம்? வாழையெல்லோ இது."

அம்மா நீர்வேலிக்காரி. வாழைத்தோட்டத்துக்குள் பிறந்து வளர்ந்தவர். ஒரு வாழை ஒரு குலைதான் போடும், பிறகு குட்டியைத்தான் பார்க்கவேண்டும் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த விசயம். குலை வெட்டினவுடன் தாய்வாழையை அடியோடு வெட்டி எறியக்கூடாது, அதில் இருக்கிற சாறு குட்டிக்குப் போகும், அது தானாய்ச் சாயட்டும் என்று சொன்னார். பஃப்புக்கும் அதுவேதான். பூ முடிந்த இலைக்கொத்து பார்வைக்குக் களைத்துப்போய் இருக்கும், வெட்டிவிட்டால் வடிவாய் இருக்கும் என்று கை துறுதுறுக்கும். பச்சையாக இருக்கும்வரை அந்த இலைகள் புதுக்குருத்துக்குச் சமைத்துப் போடுகின்றன. முழுதாய் மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வரும்போது எடுங்கள். மற்ற ஓர்க்கிட்டுகள் பலவற்றைப்போல இதற்குத் தண்ணீரைச் சேமித்துவைக்கத் தடித்த தண்டுக்குமிழ் கிடையாது. இருக்கிற சேமிப்பு அந்த இலைகளும் வேர்களும்தான்.

அன்றிலிருந்து நான் பூவை எண்ணுவதை விட்டுவிட்டேன். சாடியில் எத்தனை குட்டி, எந்தக் குட்டிக்குச் சொந்தவேர் வந்திருக்கிறது, அதை மட்டும் பார்க்கிறேன். சிறிய கலப்பினங்களில் ஒரு குட்டி முளைத்து ஒன்றரை வருடமளவில் பூக்கும் வயதுக்கு வரும். இரண்டு மூன்று குட்டிகள் வெவ்வேறு வயதில் ஒரே சாடியில் இருந்தால் வருடாவருடம் பூ தப்பாது.

குட்டிக்குச் சொந்தவேர் என்றேன் அல்லவா, அதற்காகத்தான் நான் ஒவ்வொரு ஏப்ரலிலும் எல்லாச் சாடியையும் மாற்றுகிறேன். இதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பூக்காத பஃப்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தவறிப்போகின்றன என்பது என் அனுபவம்.

புதுக்குருத்து பழையதன் அடியிலிருந்து ஒரு நூலளவு மேலே தள்ளித்தான் முளைக்கும். அடுத்தது அதற்கும் மேலே. இரண்டு மூன்று தலைமுறையில் செடி சாடியின் மண்மட்டத்தை விட்டு மேலேறி நிற்கும். குருத்தின் அடியில் வேர்முனை எட்டிப் பார்க்கும், ஈரம் தட்டுப்படாது, காய்ந்து நின்றுவிடும். வேரில்லாத குட்டி தாயின் வேரிலேயே தங்கியிருக்கும், தாய் சாகும்போது அதுவும் போகும். ஆகவே சமையலறை மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, சாடியைப் பக்கவாட்டில் பிடித்து மெல்ல அமுக்கி, செடியை வழுக்கி எடுக்கிறேன். பழைய மரப்பட்டையைக் கையால் உதிர்த்துவிடுகிறேன். நல்ல வேர் கபில நிறத்தில், மேலே மெல்லிய பூனைமயிர் போர்த்தினமாதிரி, விரலுக்கு உறுதியாய் இருக்கும். நுனி வெளிர்மஞ்சளாய் மினுங்கும். செத்த வேர் அமுக்கினால் உறை மட்டும் கழன்றுவந்து நடுவில் ஒரு நூல் மிஞ்சும். பஃப்புக்கு வேர்கள் குறைவு. சிறிய செடியில் ஏழெட்டுத்தான் இருக்கும். வளம் வருமென்று நினைத்து நல்ல வேரைக் கத்தரிக்காதீர்கள்.

பிறகு புதுச்சாடியில் வைக்கும்போது குருத்தின் அடி மட்டத்துக்கு ஒரு சென்றிமீற்றர் கீழே இருக்கும்படி இறக்குகிறேன். அதைவிட ஆழம் போனால் அழுகும். கலவை இதுதான்: முந்தின இரவே தண்ணீரில் ஊறவைத்த மெல்லிய மரப்பட்டைத் துண்டு ஆறு பங்கு, பேர்லைற் இரண்டு பங்கு, கரித்துண்டு ஒரு பங்கு, நறுக்கிய பாசி ஒரு பங்கு. சுண்ணாம்புப் பாறையில் வளரும் இனங்களின் பிள்ளைகளுக்குக் கோழிகளுக்குப் போடும் சிப்பியோட்டு நொறுங்கல் அரைத் தேக்கரண்டி. சீனச்சாப்பாட்டுக் குச்சியால் மெல்லக் குத்தி இடைவெளியை நிரப்பி, கடைசியில் இலையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறேன். சாடியும் சேர்ந்து தூக்குப்பட்டால் சரி. செடி ஆடினால் புதுவேர் முனை பட்டையில் உரசிச் செத்துப்போகும். பெரிய சாடி வாங்கி வளர இடம் கொடுப்போம் என்ற எண்ணம் வேண்டாம். வேர் சுருண்டு உட்காரும் அளவு போதும். பழைய சாடியே பெரும்பாலும் போதுமானது.

இப்படி வருடத்துக்கொருமுறை புதுப்பட்டை கிடைத்த செடிகளும், இரண்டு வருடம் விட்ட செடிகளும் ஒரே யன்னலில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். 2020இல் வேலைப்பளுவில் பாதிச் சாடிகளை மாற்றாமல் விட்டேன். அடுத்த கார்த்திகையில் மாற்றியவை எல்லாம் மொட்டுவிட்டன, மாற்றாதவற்றில் ஒன்றே ஒன்று விட்டது.

வெளிச்சத்துக்குக் கிழக்கு யன்னல் உத்தமம். காலை வெயில் ஒரு மணித்தியாலம் இலையில் பட்டால் ஒன்றும் செய்யாது, மதிய வெயில் சுடும். இலையைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் தள்ளி வையுங்கள். கைத்தொலைபேசி அளவுமானியில் 10,000 தொடக்கம் 15,000 லக்ஸ் வரும் இடம் நல்லது. இலை கடும்பச்சையாய் நீண்டு தொங்கினால் வெளிச்சம் குறைவு, மஞ்சள் கலந்த இளம்பச்சையாய் நிமிர்ந்து நின்றால் போதும் என்று அர்த்தம். டிசெம்பரில் இங்கே பகல் ஒன்பது மணித்தியாலந்தான். அதனால் குளிர்காலத்தில் ஒரு சாதாரண வெள்ளை எல்.ஈ.டி லைற்றை இலைக்கு ஒரு அடி மேலே பன்னிரண்டு மணித்தியாலம் எரியவிடுகிறேன்.

வெப்பநிலைதான் ரொறன்ரோத் தொடர்மாடிகளில் உள்ள உண்மையான சிக்கல். இங்கே மாநகரச் சட்டப்படி வாடகைக் கட்டடங்களைக் குளிர்மாதங்களில் குறைந்தது 21 பாகையில் வைத்திருக்கவேண்டும். மனிதருக்கு நல்ல சட்டம். ஆனால் பச்சை இலைக்கார பஃப்கள் பல, அசாம், பர்மா, யுன்னான் மலைகளில் பிறந்தவை. இலையுதிர்காலத்து இரவுகள் 12, 13 பாகைக்கு இறங்கினால்தான் மொட்டுக்கட்டும். புள்ளியிட்ட இலைக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை, வீட்டு வெப்பத்திலேயே பூப்பார்கள். புதிதாய்த் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் புள்ளியிலைக்காரரைத்தான் சொல்வேன்.

பச்சையிலைக்காரருக்கு நான் கண்ட வழி பலகணி. யூன் கடைசியில் எல்லாவற்றையும் வெளியே நிழலில் வைக்கிறேன். செப்ரெம்பரில் புள்ளியிலைக்காரர் உள்ளே வருவார்கள், பச்சையிலைக்காரர் வெளியே நிற்பார்கள். இரவு 10 பாகைக்குக் கீழே போகும் என்று வானிலை சொன்ன அன்றைக்குத்தான் அவர்கள் உள்ளே. மூன்று நாலு கிழமைக் குளிர் போதும். அதன்பிறகு யன்னல் கண்ணாடியை ஒட்டிய இடத்தில் வைத்து, இரவில் திரையை அவர்களுக்கும் அறைக்கும் நடுவே இழுத்துவிடுகிறேன். திரைக்குப் பின்னால் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது 15 பாகை காட்டியது. அறைக்குள் 22.

வெப்பமூட்டி ஓடும் மாதங்களில் வீட்டுக் காற்று வறண்டு ஈரப்பதன் 25 சதவீதத்துக்கும் இறங்கும். மொட்டு அரைவளர்ச்சியில் கபிலமாகிக் கருகுவதற்கு இது முக்கிய காரணம். சிறிய ஈரமூட்டி ஒன்று வைத்து 45க்கு மேல் வைத்திருக்கிறேன். கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைப்பதால் பெரிய மாற்றம் எதையும் நான் காணவில்லை.

தண்ணீர் பற்றிச் சொல்லும்போது அம்மாவின் கதையையும் சொல்லவேண்டும். நந்தியாவட்டைக்கும் குரோட்டனுக்கும் வாளியால் தலையோடு ஊற்றிப் பழகியவர். 2018இல் நான் ஊரில் இல்லாத ஒரு கிழமை, என் சைக்கி என்ற கலப்பினச் செடிக்கும் அன்போடு அப்படியே ஊற்றிவிட்டார். இலைக்கொத்தின் நடுக்குழியில் நின்ற தண்ணீர் வற்றவில்லை. நான் வந்து பார்த்தபோது நடுக்குருத்து தேத்தண்ணி நிறமாகிக் கூழாயிருந்தது, இழுக்க முதலே கையோடு வந்தது. அழுகல் நோய் ஒரு நாளில் ஒரு அங்குலம் ஓடும் வேகத்தில் பரவும். கூரான கத்தியால் நல்ல பச்சைவரை வெட்டி, வெட்டுவாயில் கறுவாத்தூளை அப்பினேன். பக்கத்துக் குட்டி தப்பியது. கறுவா பூஞ்சணத்துக்கு நல்ல மருந்து, காயத்தை உலரவைக்கும், ஆனால் வேரில் பட்டால் வேரையும் உலரவைத்துவிடும், கவனம். இப்போது அம்மாவும் காலையில்தான் தண்ணீர் விடுவார், சாடியின் ஓரத்தால்தான் விடுவார். தவறிக் குழிக்குள் விழுந்தால் ரிஷூத் தாளின் மூலையைத் திருகி உள்ளே விட்டு ஒற்றியெடுப்பார். என்னைவிட அவருக்கு இப்போது கைப்பதம் கூட.

ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை, சாடியைத் தூக்கிப் பார்த்துப் பாரம் குறைந்திருந்தால் விடுங்கள். முற்றாகக் காயவிடவேண்டாம், சொதசொதவென்றும் வேண்டாம். ஒரு கலன் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி பசளை, மாதத்துக்கு ஒருமுறை வெறுந்தண்ணீரால் கழுவல். அவ்வளவுதான்.

இனி எதை வாங்கலாம் என்ற பேச்சு, எனக்கு மிகவும் பிடித்த பேச்சு.

இந்த உலகத்தில் முதல் பஃப் கலப்பினம் 1869இல் இங்கிலாந்தில் வீச் நாற்றுப்பண்ணையில் பூத்தது. ஜோன் டொமினி என்ற தோட்டக்காரர் வில்லோசத்தையும் பார்பேற்றத்தையும் சேர்த்தார். ஓர்க்கிட்டுகளைக் கலக்கலாம் என்று அவருக்கு யோசனை சொன்ன எக்செற்றர் வைத்தியர் ஹரிஸின் பெயரால் அதற்கு ஹரிசியானம் என்று பெயர். அன்றைக்கு விதையை முளைக்கவைப்பதே பெரும்பாடு. ஓர்க்கிட் விதை தூசுபோன்றது, உள்ளே உணவு இல்லை, காட்டில் ஒருவகைப் பூஞ்சணம் ஊட்டினால்தான் முளைக்கும். 1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் சீனி கலந்த கூழில் பூஞ்சணம் இல்லாமலே முளைக்கவைக்கலாம் என்று காட்டியபின்தான் கதவு திறந்தது. கடைகளில் மலிவாய்க் கிடைக்கும் பலனொப்சிஸ் எல்லாம் இழைய வளர்ப்பில் நகலெடுத்தவை. பஃப்பை அப்படிப் பெருமளவில் நகலெடுக்கும் வழி இன்னும் சரிவரவில்லை. ஆகவே ஒவ்வொரு செடியும் ஒரு விதையின் பிள்ளை. ஒரே பெயர்ச்சீட்டோடு பத்து நாற்று வாங்கினால் பத்தும் பத்து முகத்தோடு பூக்கும். விலை கூடவென்று குறைப்படுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

என் சைக்கி 1893இல் பதிவான கலப்பு. தாய்தந்தையரில் ஒன்று லங்காவித் தீவுப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் வெள்ளைப்பூ நிவியம், மற்றது பெல்லாற்றுலம். வட்டமான பால்வெள்ளைப் பூவில் யாரோ குங்குமத்தண்ணி தெளித்ததுபோல் புள்ளிகள். 130 வருடத்துக்கு மேலாக ஆட்கள் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், இன்னும் அலுக்கவில்லை. சூடான வீட்டுக்கு ஏற்றது, ஆனால் குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைக்கவேண்டும்.

பினோக்கியோ 1977இல் பிரான்சில் பதிவானது. கிளோகோபிலம், பிரிமுலைனம் இரண்டும் பெற்றோர். இலைவிரிவு ஒரு அடிவரை போகும், என் செடிகளில் அதுதான் பெரிது. ஆனாலும் முதல் பஃப் வாங்குகிற எவருக்கும் இதைத்தான் சொல்வேன். ஒரே பூந்தண்டில் ஒரு பூ விழ அடுத்த மொட்டு விரியும், தண்டு நீண்டுகொண்டே போகும். என்னுடையது ஒருமுறை பதினாலு மாதம் விடாமல் பூத்தது. அந்தத் தண்டை வெட்டிவிடாதீர்கள்.

டெலனாற்றியின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 1913இல் வியற்நாமில் ஒரு பிரெஞ்சு இராணுவத்தினரின் கண்ணில் பட்டு பிரான்சுக்கு வந்த இளரோசாப் பூ இது. பிறகு நெடுங்காலம் காட்டில் அகப்படவில்லை. பாரிசுக்குப் பக்கத்தில் வஷரோ லெகூஃப்ல் நாற்றுப்பண்ணையில் தப்பியிருந்த ஒரு செடியின் சொந்த மகரந்தத்தாலேயே விதை எடுத்துப் பெருக்கினார்கள். 1990களில் வியற்நாமில் மறுபடி கண்டுபிடிக்கும்வரை வளர்ப்பில் இருந்த டெலனாற்றி எல்லாம் அந்த ஒரு செடியின் வழித்தோன்றல்கள். மெல்லிய வாசமும் உண்டு. இதையும் பிரிமுலைனத்தையும் சேர்த்தது டெபேர்ல், இதையும் மைக்ராந்தத்தையும் சேர்த்தது மஜிக் லான்ரேர்ன். டெபேர்ல் வளர்ப்பதற்குச் சுகம். மஜிக் லான்ரேர்ன் கண்ணைப் பறிக்கும், ஆனால் நாலு வருடம் என்னைக் காக்கவைத்தது, அவசரக்காரருக்கு வேண்டாம்.

டொல்ஸ் கோபொல்ட்டுக்கு ஹென்றியானம் ஒரு பெற்றோர். 1987இல்தான் அதற்குத் தாவரவியல் பெயரே கிடைத்தது. மற்றது பர்மாவின் சான் மலைகளின் சார்ள்ஸ்வேர்தி. மேலிதழின் ரோசா சார்ள்ஸ்வேர்தியிலிருந்து, பொட்டுகள் ஹென்றியானத்திலிருந்து. கோபொல்ட் என்பது ஜேர்மன் நாட்டார் கதைகளில் வீட்டு மூலையில் குடியிருக்கும் சின்னஞ்சிறு தெய்வம். பெயர் பொருந்தியிருக்கிறது.

மொட்டு வரும்போது ஒரு காரியம்: இலைக்கொத்தின் நடுவில் பச்சை உறையொன்று தெரிந்தபின் சாடியைத் திருப்பாதீர்கள். மொட்டு வெளிச்சம் பார்த்து வளரும். திருப்பினால் பூ கழுத்துச் சுளுக்கினமாதிரி விரியும். சாடியில் யன்னல்பக்கம் ஒரு கோடு போட்டுவைத்தால் தண்ணீர் விட்டபின் அதே திசையில் திருப்பி வைக்கலாம்.

இது பூச்சி தின்னுகிற பூவா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். இல்லை. போன வருடம் சமையலறையிலிருந்து வந்த ஒரு பழ ஈ பையின் விளிம்பில் இருந்து வழுக்கி உள்ளே விழுந்தது. ரோர்ச் லைற்றை அடித்துக்கொண்டு இருபது நிமிடம் பார்த்தேன். விளிம்பு எண்ணெய் பூசினதுபோல் வழுக்கும், வந்த வழியால் போகமுடியாது. பையின் பின்சுவரில் மாத்திரம் மயிர்கள் ஏணிபோல் நிற்கின்றன. அதில் ஏறினால் நடுக்கேடயத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இரண்டு சின்ன வாசல். அந்த வழியில் முதலில் சூல்முடி, அதைக் கடந்தபின் மகரந்தம். சரியான அளவுப் பூச்சி வந்தால் முதுகில் பசைபோன்ற மகரந்தத்தோடு வெளியேறி அடுத்த பூவில் அதைச் சூல்முடியில் தேய்த்துவிடும். பூவில் தேன் ஒரு சொட்டும் இல்லை. என் பழ ஈ மிகச் சிறியது, ஒன்றையும் தொடாமல் இடப்பக்க வாசலால் வெளியேறிப் பறந்துவிட்டது.

இனிச் சொல்லப்போவதை மனம் கனத்துத்தான் எழுதுகிறேன். காட்டில் இந்தச் செடிகள் அழிந்துகொண்டிருக்கின்றன, அழிப்பது எங்களைப்போல ஆசைப்படுகிறவர்கள்தான். வியற்நாமென்ஸ் என்ற பஃப் 1999இல் உலகுக்கு அறிமுகமானது. சில வருடங்களுக்குள்ளேயே காட்டில் தேடியெடுக்கச் செடி இல்லாதபடி பிடுங்கி விற்றுவிட்டார்கள். எங்கள் பக்கத்துக் கதையும் இருக்கிறது. தென்னிந்தியா முழுவதற்கும் ஒரேயொரு சிலிப்பர் ஓர்க்கிட்தான் உண்டு: ட்ரூரியை. அகத்தியர்மலையின் உயரப் புல்வெளிச் சரிவுகளுக்கு மட்டுமே சொந்தமான, மஞ்சள் இதழில் கருங்கபிலக் கோடிட்ட பூ. 1865இல் கேணல் ட்ரூரி கண்டெடுத்தார். பிடுங்கியும் காட்டுத்தீயாலும் இன்றைக்கு அருகிப்போய் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அகத்தியர் இருக்கும் மலை என்று சின்ன வயதில் கேட்ட பொதிகையில் இப்படி ஒரு பூ இருக்கிறது என்பது அம்மாவுக்கும் எனக்கும் கனடாவுக்கு வந்தபிறகுதான் தெரியும்.

1989இல் லோசானில் கூடிய மாநாட்டில் பஃப் இனங்கள் எல்லாவற்றையும் சைற்றிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் சேர்த்தார்கள். காட்டுச்செடியை நாடுவிட்டு நாடு விற்பது அதோடு முற்றாகத் தடை. இந்தியாவில் இருக்கிற வாசகர்கள் இன்னொன்றையும் அறிந்துகொள்ளவேண்டும்: அங்கே வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் பஃபியோபெடிலம் இனங்களைக் காட்டில் பறிக்கத் தடைசெய்கிறது, வளர்க்கவும் விற்கவும் உரிமம் கேட்கிறது. ஆகவே வாங்கமுன் விசாரியுங்கள்.

இங்கே ஒன்ராறியோவில் லானார்க் பகுதியில் பேர்டன் என்ற பாதுகாக்கப்பட்ட சதுப்புநிலம் இருக்கிறது. ஜோ பேர்டன் என்ற மனிதர் 1930களில் தன் காணியில் கண்ட சில சிலிப்பர் ஓர்க்கிட்டுகளைப் பராமரித்துப் பெருக்கினார். இன்று யூன் பிற்பகுதியில் போனால் வெள்ளையும் ரோசாவுமாக ஆயிரக்கணக்கில் நிற்கும். சிப்ரிப்பீடியம் என்ற குளிர்நாட்டு உறவு அது. மரப்பலகைப் பாதையில் நின்றுதான் பார்க்கலாம். இரண்டு வருடத்துக்கு முந்தி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊரிலே கோயில் வாசலில் நிற்கிறமாதிரி செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டுத்தான் அந்தப் பலகையில் ஏறினார். நான் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கழற்றினேன்.

வாங்கும்போது பெயர்ச்சீட்டைக் கேளுங்கள். இரண்டு பெற்றோரின் பெயரும் எழுதியிருந்தால் நாற்றுப்பண்ணையில் விதையிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் நம்பலாம். இலையில் பூச்சி கடித்த பழைய தழும்பும், வேரில் காட்டுமண்ணும், நம்பமுடியாத விலைக்குறைவும் சேர்ந்திருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். பூவோடு நிற்கும் ஒற்றைக்கொத்துச் செடியைவிட, பூவில்லாவிட்டாலும் இரண்டு குட்டி உள்ள செடியை வாங்குங்கள்.

என் டொல்ஸ் கோபொல்ட் 2019இல் ஒற்றைக்கொத்தாக வந்தது. நேற்று எண்ணினேன், ஏழு கொத்து. மூன்று கொத்துக்குக் குறைந்த துண்டாகப் பிரித்தால் வருடக்கணக்கில் பூக்காது என்பதால் இவ்வளவு நாளும் கை வைக்கவில்லை. வருகிற ஏப்ரலில் சாடி மாற்றும்போது இரண்டாகப் பிரிக்கப்போகிறேன். நாலு கொத்து எனக்கு, மூன்று கொத்து இன்னொருவருக்கு. ரொறன்ரோவில் கிழக்கு யன்னல் உள்ளவர்கள், தலையோடு தண்ணீர் ஊற்றமாட்டேன் என்று அம்மாவிடம் நேரே வந்து சொல்லத் தயாரானவர்கள், எனக்கு எழுதுங்கள். காசு வேண்டாம், சாடியை மட்டும் கொண்டுவாருங்கள். எட்டு சென்றிமீற்றருக்கு மேல் வேண்டாம்.